போர்டில் எழுதாதது

கவிதையில் ஒரு சொல்லை எழுதுவதா விடுவதா என்பது பற்றி இந்தப் பத்திரிகையில் இரண்டு மூன்று முறை எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை உண்மையிலேயே அலைக்கழித்தது எந்தக் கவிதையிலும் அல்ல, ஒரு டூ லெட் போர்டில்.

மேற்கு மாம்பலத்தில் என் அப்பா வங்கிக் கடனில் கட்டிய வீடு. கீழே அம்மாவும் நானும். மாடிப் போர்ஷனில் ஆறு வருஷமாக இருந்தவர்கள் பெங்களூருக்கு மாற்றலாகிப் போனார்கள். ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள் என்பதால் ஆவணி பிறந்ததும் போர்டு மாட்டலாம் என்று முடிவாயிற்று. ஸ்டேஷனரிக் கடையில் அச்சடித்த அட்டை கிடைக்கிறது. மேலே 'வீடு வாடகைக்கு' என்றிருக்கும். கீழே போன் நம்பருக்குக் கோடு, அதற்கும் கீழே எதற்கென்று சொல்லாமல் ஒரு வெற்றிடம். அந்த வெற்றிடம்தான் விஷயம். அம்மா அதில் 'சைவம் மட்டும்' என்று எழுதச் சொன்னாள். நான் எழுதவில்லை. எழுதாமல் விட்டதில் எனக்கு ஒரு திருப்தி கூட இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அது என்ன மாதிரியான திருப்தி என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

வீட்டு விளம்பரம் என்பதே ஒரு விநோதமான உரைநடை. பத்திரிகைகளின் ஞாயிற்றுக்கிழமை வரி விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். வரிக்கு இவ்வளவு என்று காசு வாங்குவதால் அங்கே எல்லாச் சொல்லும் வெட்டுப்பட்டுத்தான் வரும். படுக்கையறை ஓரெழுத்தாகக் குறுகுகிறது. ஸ்டேஷனுக்கு நடை தூரம், கார்ப்பொரேஷன் தண்ணீர், காற்றோட்டம் எல்லாம் அரைச்சொற்கள். இப்படிக் கஞ்சத்தனமான இடத்திலும் 'வெஜ்.' என்ற சொல்லுக்கு இடம் கிடைத்துவிடுகிறது. ஒரு காலத்தில் சாதிப் பெயரையே போட்டு 'மட்டும்' சேர்த்துக்கொண்டிருந்தார்கள். இன்றும் அப்படிப் போடுகிறவர்கள் இல்லாமலில்லை. பெரும்பாலோருக்கு இப்போது 'வெஜ்.' போதுமானதாக இருக்கிறது. நாகரிகம் வளர்ந்ததாகச் சொல்லலாம். அல்லது சொற்சிக்கனம் வளர்ந்தது என்றும் சொல்லலாம்.

'சைவம் மட்டும்' என்பது வடிவத்தில் ஒரு நடத்தை பற்றிய நிபந்தனை. புகை பிடிக்காதே, இரவு பத்து மணிக்கு மேல் கேட்டைத் திறக்காதே என்பதுபோல, இன்னதைச் சமைக்காதே என்கிறது. ஆனால் அது வேலை செய்கிற விதம் வேறு. ஒரு சின்னச் சோதனை வைத்துப் பார்க்கலாம். எங்கள் மாடியில் ஆறு வருஷம் இருந்தவர் எங்கள் சாதிக்காரர். வாரத்துக்கு ஒருமுறை ஆம்லெட்டும் சில சமயம் அதற்கு மேலும் ஹோட்டலிலிருந்து பார்சல் வரும். அந்தக் காகிதப் பொட்டலத்தின் எண்ணெய்க் கறை எங்கள் குப்பைக்கூடையில் கிடக்கும். அம்மாவுக்குத் தெரியும். "சின்னப் பசங்க, ஆசைப்படறதுகள்" என்பாள். இதே அம்மாவிடம், பிறந்ததிலிருந்து கறி தொடாத ஒருவர், வேறு சாதியிலிருந்தோ வேறு மதத்திலிருந்தோ வந்து நின்றால், சைவம் என்ற பதில் கேள்வியை முடித்து வைக்காது. அடுத்த கேள்வி வரும். சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு என்று.

வங்கியில் எங்களுக்கும் தகுதி என்ற சொல்லோடுதான் தினசரிப் பிழைப்பு. ஒருவர் கடன் கேட்டால் சம்பளச் சீட்டு, படிவம் பதினாறு, மூன்று இலக்கத்தில் ஒரு மதிப்பெண், ஜாமீன்தாரர் என்று ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசை மனிதத்தன்மை நிறைந்தது என்று நான் வாதாட வரவில்லை. அதன் கொடுமைகளைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பத்து வருஷமாகப் பார்க்கிறேன். ஆனால் கடனை மறுத்தால் காரணத்தை எழுத்தில் சொல்லவேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. மறுக்கப்பட்டவர் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு சண்டையாவது போடலாம். வீட்டுக்காரரின் மறுப்பில் காகிதம் இல்லை. "வேற ஒருத்தருக்குச் சொல்லிட்டோம்" என்பதோடு முடிந்தது.

நல்ல குடித்தனக்காரர் என்று நாம் சொல்லும்போது மூன்று விஷயங்களைக் கலந்து சொல்கிறோம் என்று படுகிறது. மாதா மாதம் வாடகை கொடுக்கும் சக்தி அவற்றில் ஒன்று. அதை ஓரளவு விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். சண்டை சச்சரவின்றி, சுவரில் ஆணியடித்துப் பாழாக்காமல், கேட்கும்போது காலி செய்து தரும் சுபாவம் இன்னொன்று. இதை முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழியே கிடையாது, குடிவந்து இரண்டு வருஷம் ஆகவேண்டும். மிச்சமிருப்பது பிறப்பு. அது ஒரு பெயரிலோ, நெற்றியிலோ, ஊர்ப் பெயரிலோ, ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடுகிறது. தெரிந்துகொள்ள முடியாததின் இடத்தில் சுலபமாகத் தெரிவதை உட்கார வைக்கிறோம். வீட்டுக்காரர் பயப்படுவது சுபாவத்துக்கு. அவர் விசாரிப்பது சாதியை. நடுவில் இருக்கும் இடைவெளியை யாரும் நிரூபித்ததில்லை, நிரூபிக்கக் கேட்டதும் இல்லை.

(நம்மையும் விட்டுவைக்க வேண்டாம். எல்லோருக்குமல்ல, தகுந்த வாசகர்களுக்கு மட்டும் என்று அட்டையில் எழுதாமல் எழுதிக்கொண்டு முந்நூறு பிரதி அடிக்கிற நாமும் ஒருவகை வீட்டுக்காரர்கள்தாம். ஆனால் நம் பத்திரிகை கிடைக்காமல் யாரும் பிளாட்பாரத்தில் படுக்க வேண்டியதில்லை.)

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு தம்பதி வந்தார்கள். அவள் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அவன் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் வேலை. பெரம்பூரிலிருந்து ஆட்டோவில் வந்திருந்தார்கள், தெரு கண்டுபிடிக்க நேரமாகிவிட்டதாம். மாடியைச் சுற்றிப் பார்த்தார்கள். சமையலறை ஜன்னல் கிழக்குப் பார்த்திருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. பதினாலாயிரம் வாடகைக்கும் ஐம்பதாயிரம் அட்வான்ஸுக்கும் அவன் பேரம் பேசவில்லை. கீழே இறங்கி வந்ததும் அம்மா தண்ணீர் கொடுத்துவிட்டு, "ஏம்மா, வீட்ல மீன் கறியெல்லாம் சமைப்பீங்களா?" என்று கேட்டாள். குரலில் குற்றம் எதுவும் இல்லை, மழை வருமா என்பதுபோலக் கேட்டாள். அந்தப் பெண் கணவனைப் பார்த்தாள். அவன், "ஞாயித்துக்கிழமை சமைப்போம்மா" என்றான்.

அடுத்து பேசியது நான். "இன்னொருத்தர் டோக்கன் அட்வான்ஸ் தர்றதா சொல்லியிருக்கார். அவர் வரலேன்னா நாளைக்கு உங்களுக்குப் போன் பண்றேன்." அப்படி யாரும் சொல்லியிருக்கவில்லை.

அவனுக்குக் கோபம் வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே, "போர்டுல போட்டிருந்தீங்கன்னா ஆட்டோ காசு மிச்சமாயிருக்கும் சார்" என்றான். எவ்வளவு ஆயிற்று என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்காதது நல்லதாயிற்று. கேட்டிருந்தால் அதையும் கொடுத்துக் கணக்கைத் தீர்த்திருப்பேன்.

நான் எழுதாமல் விட்ட இரண்டு சொற்களுக்கு யார் விலை கொடுத்தது என்பது அப்போது புரிந்தது. தெருவில் போகிறவர்கள் முன், என் நண்பர்கள் முன், என் முன்னாலேயே நான் ஒரு சுத்தமான போர்டை மாட்டிவைத்திருந்தேன். அந்தச் சுத்தத்தின் செலவு பெரம்பூரிலிருந்து வந்தவர்கள் தலையில் விழுந்தது.

வங்கித் தேர்வுக்காக ஒப்பந்தச் சட்டம் படித்தபோது ஒரு விஷயத்தை மனப்பாடம் செய்திருந்தேன். விளம்பரம் என்பது முன்மொழிவு அல்ல, முன்மொழிய வருமாறு அழைப்பு மட்டுமே. இங்கிலாந்தில் 1968ல், பறவைகளை விற்க ஒருவர் கொடுத்த வரி விளம்பரம் பற்றிய வழக்கில் இதையே உறுதிப்படுத்தினார்கள். ஆக, போர்டு மாட்டியவன் எதையும் தருவதாகச் சொல்லவில்லை. வருகிறவன்தான் கேட்கிறான், மாட்டியவன் ஏற்கலாம், மறுக்கலாம். சட்டத்துக்கு இது சௌகரியமான ஏற்பாடு. ஆனால் அழைப்பு என்பதற்கு ஒழுக்கவியலில் அர்த்தம் ஏதும் கிடையாதா? எல்லோரையும் அழைத்துவிட்டு வாசலில் பொறுக்கியெடுப்பவன், குறிப்பிட்ட சிலரை மட்டும் அழைக்கிறவனைவிட எந்த விதத்தில் மேலானவன்?

கான்ட் 1797ல் எழுதிய ஒரு சின்னக் கட்டுரையும் வாசற்படியில்தான் நடக்கிறது. கொலைகாரன் ஒருவன் கதவைத் தட்டி, உன் நண்பன் உள்ளே ஒளிந்திருக்கிறானா என்று கேட்கிறான். அப்போதும் பொய் சொல்லக்கூடாது என்று கான்ட் பிடிவாதமாக நிற்கிறார். கல்லூரியில் இதைப் படித்தபோது எல்லோரையும் போல நானும் சிரித்தேன். உயிரைக் காக்கச் சொல்லும் பொய்க்கு விலக்கு வேண்டும் என்று கான்ட்டை எதிர்ப்பவர்கள் கேட்கிறார்கள், நியாயம்தான். என் வாசலில் நின்றவன் கொலைகாரன் இல்லை. நான் காப்பாற்றியது எந்த உயிரையும் இல்லை. என்னைப் பற்றி எனக்கிருந்த அபிப்பிராயத்தைக் காப்பாற்றினேன். அதற்கு விலக்குக் கேட்டு எந்தத் தத்துவவாதியும் இதுவரை எழுதியதாகத் தெரியவில்லை.

சோயிங்காவின் தொலைபேசிக் கவிதை பலருக்குத் தெரிந்திருக்கும். வீடு தேடும் ஆப்பிரிக்கன், நேரில் போவதற்கு முன்பே தொலைபேசியில் தன் இனத்தைச் சொல்லிவிடுகிறான். வீட்டுக்காரி எவ்வளவு கறுப்பு என்று விசாரிக்கத் தொடங்குகிறாள். எல்லோரும் அந்த விசாரணையின் அபத்தத்தைத்தான் பேசுவார்கள். எனக்கு இப்போது உறுத்துவது அதற்கு முந்தைய கணம். போர்டு சொல்லாததை வருகிறவனே சொல்லவேண்டி வருவது. மறுப்பதற்கான வசதியை மறுக்கப்படுகிறவனே செய்துகொடுக்க வேண்டியிருப்பது.

அப்படியானால் எழுதிவிடுவதே நேர்மை என்று முடிவுகட்டலாம். நானும் இரண்டு நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் கிளையில் பக்கத்துக் கவுண்டர் நண்பர், தினமும் என்னோடு டிபன் பாக்ஸைப் பிரித்துச் சாப்பிடுகிறவர், நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு வேறொன்று சொன்னார். போனில் மறுத்தவர்களை அவர் மறந்துவிட்டாராம், கணக்கே இல்லை. மறக்காதது ஒரு மாலை. அவருடைய மகள் அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்திருந்தாள். தெருவில் எந்தப் போர்டைக் கண்டாலும் உரக்கப் படிப்பாள். டீக்கடை, தையல் கடை, டியூஷன் என்று படித்துக்கொண்டே வந்தவள் ஒரு கேட் முன் நின்று 'சைவம் மட்டும்' என்று படித்தாள். "அப்பா, நாம சைவமா?" என்று கேட்டாள். அவர்கள் அன்று வீடு தேடிப் போகவில்லை. கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அமெரிக்கர்கள் 1968ல் செய்த ஒரு சட்டம் எனக்கு நெடுநாள் புதிராக இருந்தது. மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்ட ஒரு வாரத்தில், ஏப்ரல் 11ந் தேதி கையெழுத்தான வீட்டுவசதி நியாயச் சட்டம் அது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனம், மதம் முதலியவற்றைப் பார்க்கக்கூடாது என்கிறது. ஒரு விலக்கும் வைத்தார்கள். நாலு குடித்தனங்களுக்கு மேற்படாத கட்டிடத்தில் உரிமையாளரும் குடியிருந்தால் அவர் இஷ்டப்படி ஆள் பார்த்துக்கொள்ளலாம். மிஸஸ் மர்ஃபி என்ற கற்பனை விடுதிக்காரியின் பெயரால் அந்த விலக்கை அழைக்கிறார்கள். ஆனால் அந்த மிஸஸ் மர்ஃபிக்கும் ஒரு உரிமை இல்லை: இன்னாருக்கு மட்டும் என்று விளம்பரம் செய்யக்கூடாது. செய்யலாம், சொல்லக்கூடாது. 1972ல் மேரிலாண்டில் ஒரு உள்ளூர்ப் பத்திரிகை, 'வெள்ளையர் வீட்டில்' ஒரு போர்ஷன் என்ற விளம்பரத்தை வெளியிட்டதற்காக மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போயிற்று. பத்திரிகைச் சுதந்திரத்தைக் காட்டித் தப்பிக்க முடியவில்லை.

போலித்தனத்தைச் சட்டமாக்கிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். நண்பரின் மகள் என் எண்ணத்தை மாற்றினாள். வாசலில் சொல்லும் மறுப்பு ஒருவரைத் தொடுகிறது. போர்டுக்கு முகவரியாளர் கிடையாது. வீடு தேவைப்படாதவர்கள் மேலும், வீடு என்றால் என்னவென்றே தெரியாத ஆறு வயதுக் குழந்தை மேலும் அது பேசிக்கொண்டே இருக்கிறது, இராத்திரியிலும். எதிர்வீட்டுக்காரருக்கும் அது கற்றுக்கொடுக்கிறது, இந்தத் தெருவில் இப்படித்தான் எழுதுவது வழக்கம் என்று. ஆக எழுதினால் அந்த அநியாயம் எல்லோரிடமும் சில்லறையாக வசூலாகிறது. எழுதாவிட்டால் மாடி ஏறி வந்தவர்களிடம் மொத்தமாக. நான் இரண்டில் எது மேல் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எழுதாமலிருப்பது பொய்யாகாமல் போக ஒரே வழிதான் உண்டு, மறுக்காமலிருப்பது. அது போர்டில் தீர்கிற விஷயம் இல்லை என்பதால்தான் இவ்வளவு நேரம் போர்டைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன் போலும்.

வீடு கடை அல்ல, என்பார்கள். இதை நான் அலட்சியமாகத் தள்ளமாட்டேன். கான்ட்டே, 1795ல் நிரந்தர சமாதானம் பற்றி எழுதும்போது, அந்நியனுக்கு வருகை தரும் உரிமை உண்டு, விருந்தாளியாகத் தங்கும் உரிமை கிடையாது என்று பிரித்துத்தான் பேசுகிறார். நம் அரசியல் சாசனத்தின் பதினைந்தாவது ஷரத்தும் கடை, உணவகம், ஹோட்டல், கிணறு, குளம் என்று எண்ணிச் சொல்கிறதேயொழிய வாடகை வீட்டைச் சொல்லவில்லை. பார்ஸிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற ஒரு வீட்டுச் சங்கத்தின் விதியை உச்ச நீதிமன்றம் 2005ல் செல்லும் என்றது. நம் மாநிலத்தில் 2017ல் வந்து 2019லிருந்து அமலில் இருக்கும் வாடகைச் சட்டம் வாடகை, அட்வான்ஸ், ஒப்பந்தப் பதிவு, காலி செய்தல் என்று போகிறது. யாரை வைத்துக்கொள்வது என்பது வீட்டுக்காரர் பாடு. முதலீட்டுக்காக நாலு பிளாட் வாங்கி எங்கோ இருந்துகொண்டு 'சைவம் மட்டும்' போடுகிறவரையும், ஒரே மாடிப்படியையும் ஒரே தண்ணீர்த் தொட்டியையும் பகிர்ந்துகொள்ளும் அறுபத்தெட்டு வயது விதவையையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனமில்லை.

அம்மாவின் வாதம் சுருக்கமானது. "நான் யாரையும் மட்டமா நினைக்கலைடா. எனக்கு வாடை ஆகாது." அவள் பொய் சொல்லவில்லை. ஆனால் திருவல்லிக்கேணியில் பதினெட்டு வருஷம் ஒண்டுக்குடித்தனம் இருந்தோம். பொதுக் குழாய், பொதுக் கக்கூஸ், எங்கள் அடுப்பிலிருந்து நாலடி தள்ளி அடுத்த குடித்தனத்தின் அடுப்பு. அங்கே கருவாடு வறுபடும், அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வத்தக்குழம்பைக் கிளறுவாள். அந்த அக்கா எனக்கு ஜுரம் வந்தபோது இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது, அம்மாவுக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. ஒருநாளும் வாடை என்று அவள் சொல்லிக் கேட்டதில்லை. சொல்ல முடியாது என்பதால் சொல்லவில்லையா, உண்மையிலேயே வாடை தெரியவில்லையா? சொந்த வீடு கட்டிய பிறகு மூக்கும் சொந்தமாகிவிட்டது என்று தோன்றுகிறது. இதை அம்மாவிடம் சொன்னேன். "அது அவங்க இருந்த இடம். இது நம்ம இடம்" என்றாள். உடைமை பற்றி இதைவிடத் தெளிவாக எழுதப்பட்டதை நான் படித்ததில்லை.

அம்பேத்கர் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்தில் வேலைக்கு வந்தபோது நடந்ததை அவரே எழுதியிருக்கிறார். தங்க இடமில்லாமல் ஒரு பார்ஸி விடுதியில் பார்ஸிப் பெயரில் பதிந்துகொண்டு தங்குகிறார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து வெளியேறச் சொல்கிறார்கள். இந்தக் காட்சியைத்தான் எல்லோரும் நினைவு வைத்திருப்பார்கள். அதற்குப் பின் அவர் இரண்டு நண்பர்களிடம் போகிறார். ஒருவர் இந்து. நீங்கள் வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்கிறார். மற்றவர் கிறிஸ்தவர், பிராமணக் குடும்பத்திலிருந்து மாறியவர், தாராள சிந்தனை உள்ளவர். அவர் மறுக்கவில்லை. மனைவி நாளை ஊரிலிருந்து வருகிறாள், அவளைக் கலந்துகொண்டு சொல்கிறேன் என்கிறார். அம்பேத்கர் அதைப் புரிந்துகொண்டு அன்று இரவே பம்பாய்க்கு ரயிலேறுகிறார். தடியோடு வந்தவர்களைவிட இந்த மனிதரை நான் அதிகம் யோசிக்கிறேன். அவரும் நிறையப் படித்திருப்பார்.

போன புதன்கிழமை, வங்கியிலிருந்து திரும்பும் வழியில், மாம்பலம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் நின்று அந்தத் துறைமுகக் கம்பெனிக்காரருக்குப் போன் செய்தேன். டோக்கன் அட்வான்ஸ் யாரும் தரவில்லை, அன்றைக்கே அது பொய்தான் என்றேன். "தெரியும் சார்" என்றார். வீடு இன்னும் கிடைக்கவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றும், அவர் மனைவி அந்தக் கிழக்கு ஜன்னலைப் பற்றி இரண்டு தரம் சொன்னாள் என்றும் சொன்னார். நான் வாருங்கள் என்றேன். கீழே ஒரு மின்சார வண்டி போனதால் அவர் சொன்னது கேட்கவில்லை. மறுபடி கேட்டேன்.

"அம்மாகிட்ட பேசிட்டீங்களா சார்?"

பேசியிருக்கவில்லை. பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.